அணைக்கரையில் போட்ட கடை

அண்ணன் புதுப் பூட்டு வாங்கி வந்திருந்தான்.

எங்கள் கடையின் பழைய பூட்டுக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. சாவியை உள்ளே விட்டு, லேசாகத் தூக்கிப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். புதுசுக்கு அந்த வம்பில்லை. அழுத்தியதும் ‘டக்’கென்று விழுந்துகொண்டது.

கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாப்பில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து டீக்கடையில் வடைக்கு எண்ணெய் காயும் வாசம். நான் ஷட்டரின் அடியில் பளபளவென்று தொங்கிய அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாமா, எழவு வுழுந்த மாதிரி நிக்கற? கடய பூட்டிதானே வெச்சேன். வித்தா புட்டேன்?” என்றான் ரவி அண்ணன்.

“சாவிய குடுத்துட்டுப் போண்ணா. எலி கிலி வந்தா பாக்கணும்.”

“ஒண்ணும் பாக்க வோணாம். பார்ட்டி எடம் பாக்க வரும்போது நானே வந்து தொறக்கறேன்.”

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான். அங்கிருந்து சென்னை. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை.

இந்தத் தொடரை நடுவிலிருந்து படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுடையது தூண்டில் கடை. தூண்டில் முள், தங்கூஸ் என்னும் நைலான் நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, மூங்கில் கம்பு, வீச்சு வலை என்று மீன் பிடிக்கத் தேவையானது எல்லாம் கிடைக்கும். கோமுகி அணைக்குப் போகிறவர்கள் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆரம்பித்தவர் என் அப்பா பெருமாள். இன்று கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் நான், மல்லிகா. அந்த நாற்காலிக்கு நான் எப்படி வந்தேன் என்பதுதான் இந்த வாரம்.

அப்பா தலையாட்டினார்

அப்பா விழுந்தது ஒரு காலை நேரம். நான் இட்லி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பெரிய உருளையிலிருந்து நரம்பைச் சின்ன அட்டையில் சுற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். வலது கையை ஏதோ பிறத்தியார் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்புறம் நாற்காலியோடு சாய்ந்தார். முள் டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் முள். அவரைத் தூக்க ஓடி வந்த டீக்கடைக்காரர் செருப்பிலும் இரண்டு முள் ஏறியிருந்தது.

உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் பார்த்தவன் அண்ணன். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நியாயமில்லை. அம்மா இல்லாததால் அப்பாவை என் வீட்டில் வைத்து நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானபோது, மருந்துக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று யோசித்தவனும் அவன்தான். பஸ் ஸ்டாப் எதிரே உள்ள கடை. செல்போன் கடை வைக்க ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். மாதாமாதம் வாடகை வரும். அதில் என்ன தப்பு?

“ப்பா, கடய வாடகைக்கு வுட்டுடலாமா?” என்று கட்டிலருகே குனிந்து கேட்டான்.

அப்பா தலையாட்டினார்.

நான் அவன் தோளைத் தள்ளிக்கொண்டு முன்னே போனேன். “நான் பாத்துக்கறேன்ப்பா. நான் போய் ஒக்காந்துக்கறேன்.”

அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். நிதானமாக, எந்தக் குழப்பமும் இல்லாமல்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், “அவர் மனசுக்குள்ள வேற நெனச்சிருப்பாரு” என்று எனக்கு ஆறுதல் சொல்வதுண்டு. இல்லை. வேண்டாம் என்றுதான் நினைத்தார். வருகிறவர்கள் எல்லாம் ஆம்பளைகள். ஈர லுங்கியோடு வந்து நிற்பார்கள், வாயில் வந்ததைப் பேசுவார்கள். அதற்கு நடுவில் மகள் உட்காருவதை அவர் விரும்பவில்லை. இத்தனைக்கும் அந்தக் கடையில் தொங்கிய தூண்டில்களில் பாதிக்கு முள் கட்டியது நான்தான். சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கட்டிக் கொடுப்பேன். அது வீட்டு வேலை. கல்லா வேறு. அப்பாவின் கணக்கு அது.

ஆனால் எனக்குள் ஒன்று முடிவாகிவிட்டது.

கரும்பு வண்டி வரிசை

அப்பா பரம்பரை வியாபாரி இல்லை. மணலூர்பேட்டைப் பக்கத்தில் கரும்பு வண்டி ஓட்டியவர். வெட்டிய கரும்பை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போவார். ஆலை வாசலில் வண்டி வரிசை ஊர்ந்துகொண்டிருக்கும். டிராக்டர், மாட்டு வண்டி, மறுபடி டிராக்டர். இறக்குவதற்கு முறை வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள், சீட்டு ஆடுவார்கள், சண்டை போடுவார்கள்.

அப்பா மட்டும் பக்கத்து வண்டிக்காரரிடம் மாட்டை ஒப்படைத்துவிட்டுப் பெண்ணையாற்றுக்குத் தூண்டிலோடு போய்விடுவார். கெளுத்தியும் கெண்டையும் பிடித்து வந்து அங்கேயே கல் கூட்டி வறுப்பார். மீன் வாசத்துக்கு வந்தவர்கள் மீனைக் கேட்டார்கள். அப்புறம் தூண்டிலைக் கேட்டார்கள். திருவண்ணாமலையில் முள் வாங்கி வந்து, துண்டு முனையில் குத்தி வைத்துக்கொண்டு, வண்டி வண்டியாகப் போய் விற்க ஆரம்பித்தார். கரும்பு கொண்டுபோன கூலியைவிட முள் விற்ற காசு ஜாஸ்தி என்று அவருக்குப் புரிந்த வருஷம் மாட்டை விற்றார்.

அம்மா கச்சிராயபாளையத்துக்காரி. இங்கே அணை இருந்தது. கடை இங்கே வந்தது இப்படித்தான்.

துண்டில் முள் குத்திக்கொண்டு விற்ற மனுஷன்தான், கடை என்றால் கல்லா, கல்லா என்றால் ஆம்பளை என்று படுக்கையில் கிடந்தபடி தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது.

கம்புக் கட்டு

அண்ணன் பூட்டிவிட்டுப் போன அடுத்த வாரம், வாசலில் தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம். எட்டிப் பார்த்தால் மூங்கில் கட்டு. பக்கத்தில் சின்னப்பொண்ணு.

அவள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கு அப்பால் அவர்கள் நிலம். சாமையும் மரவள்ளியும் போடுவார்கள். அவர்கள் வரப்போரம் கல்மூங்கில் புதர் உண்டு. நடுவில் பொள்ளல் இல்லாத கெட்டி மூங்கில். அதில் விரல் பருமனுக்கு நேராக ஓடியதாகப் பார்த்து வெட்டி, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி எங்கள் கடைக்குக் கொண்டுவருவாள். என் வயதுதான். என்னை அக்கா என்பாள்.

“இன்னாக்கா, கட பூட்டிக் கீது? பஸ்ஸுக்காரங்கிட்ட சண்ட போட்டு இத்த ஏத்திகினு வர்றேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவைப் போய்ப் பார்த்தாள். அவர் காலைத் தொட்டுவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள்.

“செரி. நான் இத்த தூக்கிகினு திரும்ப மல ஏற மாட்டேன்.”

“நான் இன்னா பண்றது சின்னப்பொண்ணு? சாவி மெட்ராஸ்ல கீது.”

“கடதானே பூட்டிக் கீது? மீனு புடிக்கறவன் எங்க கீறான்? அணைலதானே கீறான். அங்க போவலாம்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கட்டுவதற்காக அப்பா கொடுத்து வைத்திருந்த முள் பாக்கெட்டுகள், சில உருளை நரம்பு, ஒரு பை தக்கை. ஈயக்குண்டு இல்லை. என் வீட்டுக்காரர் சேகர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கார் சக்கரத்தை நேர் பண்ண ஓரத்தில் அடிக்கும் பழைய ஈயத் துண்டுகள் அவர் கடையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கும்.

“இன்னாங்க, அத்த உருக்கி குண்டு புடிச்சித் தர முடியுமா?”

அவர் என்னையும் சின்னப்பொண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்கண்ணன் வந்து என்னத்தான் திட்டுவான்” என்றார். மறுநாள் சட்டையெல்லாம் புகை வாசத்தோடு ஒரு பை குண்டு கொண்டுவந்து வைத்தார்.

“நீ மீன் புடிச்சிருக்கியா?”

ஞாயிற்றுக்கிழமை கோமுகி அணைக்குக் கூட்டம் வரும். குடும்பம் குடும்பமாக வந்து மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, பூங்காவைப் பார்த்துவிட்டுப் போவார்கள். தூண்டில் போடுகிறவர்கள் கரை ஓரமாகத் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் அவர்கள் போகிற வழியில், ஒரு புளியமரத்தடியில் உரச் சாக்கு விரித்துக் கடை போட்டோம். மூங்கில் கம்புகளை மரத்தில் சாய்த்து வைத்தோம்.

முதலில் வந்தவர் பனியன் போட்ட ஒரு பெரிய மனுஷன். முள்ளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ரோகுவுக்கு வருமா?”

“வரும்ங்க.”

“நீ மீன் புடிச்சிருக்கியா?”

முள் கட்டத் தெரியும். எத்தனை வகை முடிச்சு என்று தெரியும். கையில் தூண்டில் பிடித்துத் தண்ணீரருகே உட்கார்ந்ததில்லை. எங்கள் வீட்டில் பெண்கள் யாரும் உட்கார்ந்ததில்லை.

“இல்லீங்க.”

“அப்பால இன்னாத்துக்கு வரும்ன்ற?” முள்ளைச் சாக்கின்மேல் போட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் போனார்கள்.

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. சின்னப்பொண்ணுவைச் சாக்கில் உட்காரச் சொன்னேன். ஒரு கம்பை எடுத்தேன், நரம்பு கட்டினேன், முள் கட்டினேன். எல்லோரும் பார்க்கிற இடத்தில் கரையில் போய் உட்கார்ந்தேன்.

அன்று ஒன்றும் விழவில்லை. மண்புழுவை மட்டும் சுத்தமாகத் தின்றுவிட்டுப் போயின. பின்னால் யாரோ, “அக்கா மீனுக்கு சோறு போடுது” என்றார்கள். சிரிப்பு கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு தூண்டிலை வீசும்போது முள் என் கட்டை விரலில் ஏறியது. தூண்டில் முள்ளின் முனையில் பின்னோக்கி ஒரு சின்னக் கொக்கி இருக்கும். ஏறினால் வந்த வழியில் திரும்பாது. வீட்டுக்காரர் கட்டிங் பிளேயரோடு வந்தார். முள்ளை முன்னே தள்ளி, முனையை வெளியே கொண்டுவந்து, கொக்கியை வெட்டி, மீதியைப் பின்னால் உருவினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு புளியமரத்தின் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.

“போதும் மல்லி” என்றார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

“வெரல்தானே. ஆறிடும்.”

அடுத்த ஞாயிறு விரலில் கட்டோடு போனேன். தண்ணீரைப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஜிலேபி மீன் தக்கையைத் தடதடவென்று ஆட்டும். ரோகு ஆட்டாது, மெல்ல நகர்த்திக்கொண்டு போகும். வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும், தக்கையை மேலே தள்ளிக் கட்ட வேண்டும். கடலைப் புண்ணாக்கும் கோதுமை மாவும் பிசைந்து வைத்தால் புழுவைவிட நன்றாக நிற்கும். இதெல்லாம் முப்பது வருஷம் அந்தச் சாமான்களோடு புழங்கிய எனக்குத் தெரியாமல் இருந்தது.

முதலில் மாட்டியது உள்ளங்கை அகல ஜிலேபி. கரையில் அது துள்ளியபோது நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் ஓடி வந்தார்கள், யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டார்கள் என்று.

ரோகு கிடைக்க மழைக்காலம் வந்துவிட்டது. கம்பு வில்லாக வளைந்தது. நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். “வுடாதக்கா! கம்பு ஒடியாது, நான் வாட்னது, வுடாத!” என்று சின்னப்பொண்ணு மரத்தடியிலிருந்து கத்தினாள். கம்பு ஒடியவில்லை. மீன் என் முழங்கை நீளம் இருந்தது. பனியன்காரர் எழுந்து வந்து மீனைப் பார்க்கவில்லை, கம்பைப் பார்த்தார்.

“இதுல ஒண்ணு குடுமா. அந்த முள்ளுலயும் ஒரு பாக்கெட்டு.”

சின்னப்பொண்ணுவின் கட்டு அன்று முழுசாக விற்றது.

பார்ட்டி வந்த நாள்

ஊர் சும்மா இருக்குமா? பெருமாள் மகள் அணையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறாள் என்று சென்னைக்குப் போன் போனது. அண்ணன் கூப்பிட்டான்.

“மானம் போவுது மல்லி. நம்ப வூட்டு பொம்பள ரோட்ல ஒக்காந்துகினு...”

“பூட்ட தொறண்ணா. ரோட்ல ஒக்காரல.”

வைத்துவிட்டான்.

பொங்கல் கழித்து வந்தான். கூடவே செல்போன் கடைக்காரர், இஸ்திரி கலையாத சட்டையில். ஷட்டரைத் தூக்கியதும் ரப்பர் வாடையும் மக்கிய நூல் வாடையும் முகத்தில் அடித்தது. நான் பயந்த மாதிரியே வீச்சு வலையில் எலி கூடு கட்டியிருந்தது. வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தார், கரன்ட் பாயின்ட் எங்கே என்று கேட்டார்.

நான் உள்ளே போய்க் கல்லா முன்னால் நின்றேன்.

“ண்ணா, இவரு இன்னா வாடக தர்றேன்னாரு?”

சொன்னான்.

“அத்த நான் தரேன்.”

“நீயா? எங்கருந்து?”

“கடைலருந்து.”

“சொந்த கடைக்கு எவளாவது வாடக குடுப்பாளா? பைத்தியமா நீ?”

“அப்பா மருந்துக்குத்தானே வாடக வோணும்னு சொன்ன? மருந்து கடைல இவரு நோட்டு செல்லும், என் நோட்டு செல்லாதா?”

செல்போன் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். “நீங்க பேசி முடிங்க சார், நான் டீ குடிச்சினு கீறேன்” என்று வெளியே போனார். டீ குடித்துவிட்டு அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று அப்புறம் தெரிந்தது.

அண்ணன் கையிலிருந்த பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஒரு மாசம் தவறிச்சினா?”

“நானே ஷட்டர எறக்கி, சாவிய உன் கைல குடுத்துர்றேன்.”

“அப்பாகிட்ட கேக்கலாம்” என்றான். இருவரும் வீட்டுக்குப் போனோம். அண்ணன் பழைய கேள்வியையே கேட்டான். அப்பா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கட்டை விரல் தழும்பைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த முறை அவர் யாருக்கும் தலையாட்டவில்லை.

அண்ணன் கிளம்பும்போது சாவியை எடுத்தான். என் கையில் தரவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

எனக்கு அது போதும்.

போர்டு

கடையைக் கழுவி விட்டோம். எலி கடித்த வலையைச் சின்னப்பொண்ணு வெயிலில் விரித்துப் பார்த்து, தேறாததை வெட்டி எறிந்தாள். “மொதல்ல என் கம்பு வெக்க எடம் காட்டு” என்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூலை இன்றும் அவளுடையதுதான். வாடகை ஒரு மாதமும் தவறவில்லை. மழை விட்டுப்போய் அணை வற்றிய கோடையில் தாலிச் செயினில் கோத்திருந்த தங்கக் குண்டுமணிகளை அடகு வைத்துக் கட்டியிருக்கிறேன். ஆனால் தவறவில்லை.

பெயின்டர் வந்து பழைய போர்டைச் சுரண்டினார். “இன்னா பேருங்க போடறது? பழய பேரேவா?”

“மல்லிகா தூண்டில் கடைன்னு போடுங்க.”

“உங்கப்பா பேரே இருந்துட்டுப் போவட்டுமே. எதுக்கு வம்பு?” என்றார் வீட்டுக்காரர்.

“வாடக குடுக்கறது நானு.”

அப்பா கொஞ்சம் தேறியதும் ஆட்டோவில் கூட்டி வந்தோம். இறங்குவதற்கு முன்னாலேயே போர்டைப் பார்த்துவிட்டார். முகம் இருண்டது. இடது கையால் டிரைவர் தோளைத் தட்டி, வண்டியைத் திருப்பு என்று சைகை காட்டினார். அன்றிலிருந்து நான் ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டார். வீட்டுக்காரர் ஊட்டினால் சாப்பிடுவார். நான் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். போர்டை மாற்றவில்லை.

அவர் மறுபடி வந்தது அறுவடைக் காலத்தில். யாரிடமும் சொல்லாமல், கம்பு ஊன்றி, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். அண்ணாந்து போர்டைப் பார்க்கவில்லை. ஷட்டர் ஓரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீ சொன்னேன். குடித்தார். அதற்குள் அவருக்குச் சொல் சொல்லாகப் பேச்சு வர ஆரம்பித்திருந்தது. என்னிடம் மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை.

தினமும் வந்தார், உட்கார்ந்தார், போனார்.

ஒரு ஞாயிறு காலை, சின்னசேலம் பக்கத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். கடைக்குப் புதுசு. கல்லாவிலிருந்த என்னை விட்டுவிட்டு அப்பா எதிரே நின்றார்.

“பெரியவரே, ஏரில விரால் வுழுவுது. எந்த முள்ளு போடலாம், சொல்லுங்க.”

அப்பாவின் உதடு அசைந்தது. விராலுக்கு எந்த முள் என்பதை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சொல் வர நேரமாகும். நான் காத்திருந்தேன். வந்தவரும் பொறுமையாக நின்றார்.

“அவள... கேளு” என்றார் அப்பா.

சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார். பேச முடியாத எரிச்சலில் சொன்னாரா, என்னை ஒப்புக்கொண்டு சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவரைக் கேட்கவும் இல்லை.

வந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“ஏரில தாமர கீதா, வெறும் தண்ணியாங்க?” என்று கேட்டபடி நான் முள் டப்பாவைத் திறந்தேன்.